நாற்பது ஏக்கரில் மான் வேட்டை: விஸ்கான்சினில் புதிதாக நிலம் வாங்கியவர்களுக்கு

தென்மேற்கு விஸ்கான்சினின் குன்றுப் பகுதியில், அதாவது ரிச்லண்ட், வெர்னன், கிராஃபர்ட், ஐயோவா கவுண்டிகளில், காட்டு நிலம் பெரும்பாலும் ‘நாற்பது’ கணக்கில்தான் கைமாறும். ஒரு சதுர மைலைப் பதினாறாகப் பிரித்த துண்டு அது. ஒரு பக்கம் 440 கஜம். மேட்டில் மக்காச்சோளமோ சோயாவோ இருக்கும், சரிவில் ஓக் மரங்கள், பள்ளத்தில் ஓடை. வார இறுதிக்கென்று இப்படி ஒரு துண்டை வாங்கியவருக்கு நவம்பரில் முதல் கேள்வி வந்துவிடும்: இங்கே மான் வேட்டையாடலாமா, எப்படி?

ஒரு வெள்ளைவால் மான் சுற்றித் திரியும் இடம் சுமார் ஒரு சதுர மைல். உங்கள் நாற்பது ஏக்கர் அதில் ஒரு மூலைதான். மானை யாரும் அடைத்து வைக்க முடியாது. அது எந்த நேரத்தில், எந்த வழியாக, எவ்வளவு பயமில்லாமல் உங்கள் எல்லைக்குள் வருகிறது என்பதை மட்டும் நீங்கள் ஓரளவு தீர்மானிக்கலாம். அதற்கான வேலை நவம்பரில் தொடங்குவதில்லை, மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் காகித வேலை

இங்கே சொல்வது விஸ்கான்சினுக்கு மட்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். சொந்த நிலம் என்பதால் அங்கே எந்த விலக்கும் கிடையாது. விஸ்கான்சினில் வேட்டை அனுமதி உண்டு, ஆனால் சொந்த நிலத்தில் மான் சுடவும் உரிமம் வாங்கியே ஆகவேண்டும்.

1973 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். வகுப்பு முடியாதவர், உரிமம் உள்ள ஒரு வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவருடன் வேட்டையாடலாம். முதல் வருடத்துக்கு எங்கள் சிபாரிசு இதுதான்: வகுப்பையும் முடியுங்கள், பக்கத்துப் பண்ணைக்காரர் யாரையாவது கூடவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. உரிமத்தின் தேதி முடிந்தால் விலக்கும் போய்விடும். குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் துப்பாக்கி வாங்க வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வில்லும் குறுக்குவில்லும் துப்பாக்கிக் கணக்கில் வராது. அவற்றின் பருவமும் நீளமானது, செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும்.

துப்பாக்கிப் பருவம் 9 நாள். நவம்பரின் நான்காம் வியாழனான தேங்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். ஆண்மானுக்கும் கொம்பில்லா மானுக்கும் (பெண்மான், குட்டி) அனுமதிச் சீட்டுகள் வேறு வேறு. கொம்பில்லா மானுக்கான சீட்டில் எந்தப் பகுதி, தனியார் நிலமா பொது நிலமா என்றெல்லாம் குறித்திருக்கும். ‘பொது நிலம்’ என்று எடுத்துவிட்டுச் சொந்தக் காட்டில் சுடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

மார்ச் முதல் செப்டம்பர் வரை: நிலம்

பனி உருகும் மார்ச்சில் ஒரு முழுநாள் காட்டைச் சுற்றி நடங்கள். இலை மூடாத காட்டில் சென்ற இலையுதிர்காலம் எழுதி வைத்த கணக்கெல்லாம் தெரியும்: கொம்பு உரசிப் பட்டை உரிந்த இளமரங்கள், காலால் மண்ணைக் கீறி வைத்த இடங்கள், ஒற்றையடித் தடங்கள், புழுக்கை, படுத்த பள்ளங்கள். எல்லாவற்றையும் வான்படத்தில் குறியுங்கள். இரண்டு மூன்று தடங்கள் சேரும் இடம், சரிவு ஒடுங்கும் கழுத்து, ஓடையைக் கடக்கும் துறை ஆகிய இவைதான் பின்னால் பரண் கட்டும் இடங்கள்.

பிறகு படுக்கை இடத்தைத் தீர்மானியுங்கள். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல அடர்த்தியான பகுதியாகப் பார்த்து, ஆண்டு முழுக்க யாரும் கால் வைக்காத இடமாக ஒதுக்கிவிடுங்கள். விறகு வெட்டவும் வேண்டாம், மானைப் படம்பிடிக்க மரத்தில் கட்டிய கேமராவைப் பார்க்கப் போகவும் வேண்டாம். நாற்பது ஏக்கர்க்காரர் செய்யக்கூடிய காரியங்களில் மிகுந்த பலன் தருவது இதுதான். செலவும் ஒன்றுமில்லை. சுற்றிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் சனிக்கிழமை காலையில் மான் அங்கேதான் ஒதுங்கும்.

தீவன வயல் அரை ஏக்கர் போதும். முதலில் மண் பரிசோதனை: வயலில் குறுக்கும் நெடுக்குமாக 10, 15 இடங்களில் 6 அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, வாளியில் கலந்து, இரண்டு கைப்பிடி பரிசோதனைக்கு அனுப்புங்கள். மான் விரும்பி மேயும் தீவனச்செடியான குளோவருக்கு மண்ணின் பிஎச் 6.5 பக்கம் இருக்க வேண்டும். காட்டை ஒட்டிய மண் பெரும்பாலும் புளிப்பாக இருக்கும். ஏக்கருக்கு ஒன்றிரண்டு டன் சுண்ணாம்புப் பொடி கேட்பது சாதாரணம். சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். அதனால் இந்த ஆண்டு போட்டு அடுத்த ஆண்டு பலன் பாருங்கள். சுண்ணாம்பைத் தவிர்த்துவிட்டு விலையுயர்ந்த ‘மான் விதை’ மூட்டை வாங்குவது பணத்தை மண்ணில் கொட்டுவதுதான்.

முதல் ஆண்டுக்கு ஏற்ற பயிர், கோதுமை போன்ற தானியமான குளிர்கால ரை. புளிப்பு மண்ணையும் தாங்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை, ஏக்கருக்கு 100 பவுண்டு வீதம், அதாவது அரை ஏக்கருக்கு 50 பவுண்டு, கையால் விதைத்து லேசாகக் கிளறினால் போதும். மழைக்கு முந்தைய நாள் விதைப்பது நல்லது. நவம்பரில் சுற்றிலும் எல்லாம் பழுப்பாகும்போது ரை பச்சையாக நிற்கும். அடுத்த மார்ச்சில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், அதே ரை மேல் வெள்ளைக் குளோவர் விதையை ஏக்கருக்கு 6 பவுண்டு தூவுங்கள். மண் வெடித்து மூடும்போது விதை தானாக உள்ளே இறங்கிவிடும், உழவே வேண்டாம்.

உப்புக் கட்டியோ மக்காச்சோளக் குவியலோ வைக்கும் எண்ணம் வேண்டாம். மான்களின் மூளையை அரிக்கும் நாள்பட்ட இளைப்பு நோய், சிடபிள்யூடி என்று எல்லோரும் சொல்வது, விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. எச்சில், சிறுநீர், மண் வழியாகப் பரவும். பல மான்கள் ஒரே குவியலில் மூக்கை வைப்பது நோயைப் பங்கு போடுவதுதான். நோய் உள்ள கவுண்டிகளில் இரை வைப்பதும் தீனி போடுவதும் சட்டப்படி தடை; இந்தக் குன்றுப் பகுதி முழுவதும் அதில் அடக்கம். பயிர் வைப்பதற்குத் தடை இல்லை.

காட்டுக்குள் நிற்கும் எதிரி பக்தார்ன் என்ற அயல்புதர். மற்ற இலைகள் உதிர்ந்த பிறகும் அக்டோபர் கடைசியில் இது மட்டும் பச்சையாக நிற்கும், அடையாளம் காண அதுவே நல்ல நேரம். தரையை ஒட்டி அறுத்து, சில நிமிடங்களுக்குள் அடிக்கட்டையின் வெளிவளையத்தில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக் கரைசலைத் தூரிகையால் பூசுங்கள். மருந்து பூசாமல் வெட்டினால் ஒரு தண்டுக்குப் பத்துத் துளிர் வரும். ஓக் மரத்தை ஏப்ரல் முதல் ஜூலை வரை வெட்டாதீர்கள், கிளைகூடக் கழிக்காதீர்கள். புதுக் காயத்தின் சாறு வாசனைக்கு வண்டுகள் வந்து ஓக் வாடல் நோயின் பூஞ்சையை விட்டுப் போகும். மாநில இயற்கை வளத் துறையின் வனவர் கட்டணமில்லாமல் நிலத்தை உங்களோடு நடந்து பார்த்து ஆலோசனை தருவார். எந்த மரம் வெட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால் அவரைக் கூப்பிடுங்கள்.

மான் அதிகமா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஓக் கன்றுகள் முளைக்கும் இடத்தில் 5 அடி உயரக் கம்பி வலையை வளையமாக நட்டு வையுங்கள். இரண்டு ஆண்டில் வலைக்குள் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து, வெளியே எல்லாம் கணுக்காலளவில் கடிபட்டு நின்றால், காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறது. அப்போது சுட வேண்டியது பெண்மானை. பெரிய கொம்புக்காகக் காத்திருந்து பெண்மான்களை விட்டுக்கொண்டே போகும் நிலத்தில் அடுத்த தலைமுறை ஓக் இருக்காது. 1935இல் சாக் கவுண்டியில் பாழடைந்த பண்ணை ஒன்றை வாங்கி ஆயிரக்கணக்கில் மரம் நட்ட இயற்கைப் பாதுகாப்பு அறிஞர் ஆல்டோ லியோபோல்டு, 1940களில் பெண்மானையும் சுட வேண்டும் என்று வாதாடி, மாநிலம் முழுக்கப் பேச்சு வாங்கினார். காட்டின் கணக்கு இன்றும் அதேதான்.

பரணும் காற்றும்

தினைப்புனம் காக்கக் கட்டிய பரண்தான் இங்கும், கொஞ்சம் இரும்பில். ஏணியோடு சேர்ந்த பரண் புதியவர்களுக்கு நல்லது. 15 அடி உயரம் போதும். நிமிர்த்தக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நேரான, உயிருள்ள மரமாகத் தேர்ந்தெடுங்கள். செத்த ஆஷ் மரங்கள் இந்தப் பகுதியில் நிறைய நிற்கின்றன, அவற்றின் பக்கமே போக வேண்டாம். பரணை மரத்தோடு இறுக்கும் நாடாப் பட்டைகள் வெயிலிலும் பனியிலும் கிடந்து இற்றுப்போகும். மரம் பருக்கும்போதும் இறுகி அறுந்துபோகும். ஆண்டுதோறும் ஆகஸ்டில் மாற்றுங்கள்.

வேட்டையில் காயம்படுபவர்களில் பலர் பரணிலிருந்து விழுபவர்கள். முழு உடல் கவசப்பட்டை அணிந்து, தரையிலிருந்து உச்சிவரை தொங்கும் பாதுகாப்புக் கயிற்றில் அதைக் கோத்து, கால் தரையை விட்ட நொடியிலிருந்து திரும்பத் தரை தொடும் வரை கழற்றாமல் இருக்க வேண்டும். ஏறும்போது இரு கை ஒரு காலோ இரு கால் ஒரு கையோ எப்போதும் ஏணியில் இருக்கட்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டி ஏறாதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் தரையைப் பார்த்திருக்கக் கயிற்றில் கட்டி, மேலே உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம் என்பதைத் தீர்மானிப்பது காற்று. மான் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை முடியாது. இங்கே இலையுதிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கு, வடமேற்கு. ஆகவே மான் தடத்துக்குத் தென்கிழக்கே பரண் என்பது பொது விதி. ஆனால் குன்றுப் பகுதியில் அது பாதிக் கதைதான். அமைதியான மாலையில் குளிர்ந்த காற்று தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காலையில் வெயில் பட்டதும் மேலே ஏறும். மாலையில் மேட்டோரப் பரணில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை முழுக்கக் கீழே படுத்திருக்கும் மான்களிடம் போய்ச் சேரும். பள்ளத்துப் பரண் எந்த நேரத்திலும் சுழல்காற்றுக்கு ஆளாகும், அதைப் புதியவர்கள் விட்டுவிடலாம். கையில் மில்க்வீட் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். நம் எருக்கின் உறவுச்செடி, காய் வெடித்தால் அதே பஞ்சு. ஒரு இழையை விட்டு அது போகும் பாதையை நூறு கஜம் கண்ணால் தொடரலாம். காற்றுத் திசை பார்க்கப் பொடி தூவும் புட்டியால் அது முடியாது.

போகும் வழியும் பரண் அளவுக்கு முக்கியம். தீவன வயலைக் கடந்து பரணுக்குப் போனால் இருட்டில் மேயும் மான்கள் ஓடிவிடும். நாள் அங்கேயே முடிந்தது. சுற்று வழி இருமடங்கு ஆனாலும் ஓடை வழியாகவோ எல்லை ஓரமாகவோ போங்கள். ஒரு கஜ அகலத்துக்கு இலைச்சருகை அக்டோபரிலேயே வாரிவிட்டால் சத்தம் எழாது. காற்று தவறாக இருக்கும் நாளில் அந்தப் பரணில் உட்காராமல் இருக்கும் கட்டுப்பாடு வரச் சில பருவங்கள் ஆகும். அதனால் இரண்டு வெவ்வேறு காற்றுகளுக்கு இரண்டு பரண்கள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அக்டோபரில் துப்பாக்கி

தோட்டா அளவு .308, .270, 6.5 கிரீட்மோர், எதுவானாலும் போதும். முதலில் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, பிடிக்கும் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மணல் பைமேல் வைத்து, 25 கஜத்தில் சுட்டு நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு 100 கஜம். மூன்று தோட்டா சுட்டு, மூன்றின் நடுவை அளங்கள். ஒரு தோட்டாவை நம்பித் திருகாதீர்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு ‘கிளிக்’ 100 கஜத்தில் கால் அங்குலம். 3 அங்குலம் தாழ்வாகவும் 2 அங்குலம் வலமாகவும் பட்டால் மேலே 12, இடது பக்கம் 8. 25 கஜத்தில் அதே நகர்வுக்கு நான்கு மடங்கு கிளிக் வேண்டும். 100 கஜத்தில் குறிக்கு ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200 கஜம் வரை கணக்குப் போடாமல் சுடலாம். இந்தக் காட்டில் அதைவிடத் தொலைவு தேவைப்படாது. எந்தத் தோட்டாவில் சரிசெய்தீர்களோ அதே தோட்டாவில் வேட்டை. தயாரிப்பு மாறினால் படும் இடமும் மாறும். ஈயத் தோட்டா மாமிசத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறும். வீட்டில் குழந்தைகள் சாப்பிடுவார்கள் என்றால் செம்புத் தோட்டா வாங்குங்கள்.

வேட்டை நாள்

இடுப்புக்கு மேலே தெரியும் ஒவ்வொரு உடையிலும், தொப்பி உட்பட, குறைந்தது பாதி பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் இளஞ்சிவப்பு இருக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுங்கள். குழல் எப்போதும் ஆபத்தில்லாத திசையில். இலக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும் உறுதியாகத் தெரியவேண்டும். சுடும் வரை விரல் விசைக்கு வெளியே. மேட்டு விளிம்பில், வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கும் மானைச் சுடவே கூடாது. தவறிய தோட்டா எந்த வீட்டுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

மான் பக்கவாட்டில் நிற்கும் வரை பொறுங்கள். முன்னங்காலின் பின்கோட்டை மேலே பிடித்து வந்து, உடலின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். நுரையீரலும் இதயத்தின் மேல்பகுதியும் அங்கே இருக்கின்றன. நேரே பார்த்து நிற்கும் மான், ஓடும் மான், புதருக்குப் பின்னால் பாதி தெரியும் மான் எதுவும் புதியவருக்கு வேண்டாம்.

சுட்டதும் உடனே இறங்காதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த மரத்தையும் மனதில் பதித்து, அரைமணி நேரம் உட்காருங்கள். பிறகு நின்ற இடத்துக்குப் போய் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். மான் அருகிலேயே விழுந்திருக்கும். கரும்சிவப்பு என்றால் ஈரல். நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் வந்தால் குடல். குறைந்தது எட்டு மணி நேரம், மாலை என்றால் மறுநாள் காலை. அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து மைல்கணக்கில் ஓடி வேதனைப்பட்டுச் சாகும், உங்களுக்கும் கிடைக்காது. ரத்தத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து, கடைசித் துளி கண்ட இடத்தில் எல்லாம் ஆரஞ்சு நாடா கட்டிக்கொண்டே போங்கள். தடம் தொலைந்தால் கயிற்றில் கட்டிய மோப்ப நாய் வைத்திருப்பவர்களைக் கூப்பிடலாம். எல்லையைத் தாண்டிப் போயிருந்தால் அண்டை நிலத்தாரிடம் அனுமதி கேட்காமல் கால் வைக்கக் கூடாது. அதனால் பருவத்துக்கு முன்பே அவரைப் பார்த்துப் பேசி, தொலைபேசி எண் வாங்கி வைப்பது முறை.

மான் விழுந்த பிறகு

பின்புறமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால் துப்பாக்கியைக் காலிசெய்து ஓரமாக வையுங்கள். ரப்பர் கையுறை போடுங்கள்.

மல்லாக்கக் கிடத்தி, தலைப்பக்கம் மேட்டில் இருக்கும்படி திருப்புங்கள். மலவாயைச் சுற்றி அறுத்து விடுவித்துக் கயிற்றால் கட்டுங்கள். வயிற்றடியில் தோலைக் கிள்ளித் தூக்கிச் சின்னதாக ஒரு கீறல் போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு, கத்தி முனை அவற்றுக்கு நடுவில் மேல்நோக்கி இருக்க, மார்பெலும்பு வரை கிழித்துக்கொண்டு போங்கள். ஆழமாகக் குத்தினால் இரைப்பை கிழியும், இறைச்சி கெடும். பிறகு உதரவிதானத்தை விலா ஓரமாக இருபுறமும் அறுத்து, கையை மார்புக்குள் விட்டு மூச்சுக்குழாயை எட்டிய மட்டும் மேலே அறுத்து இழுத்தால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். குப்புறப் புரட்டி ரத்தத்தை வடியவிடுங்கள். ஓடைத் தண்ணீரால் கழுவ வேண்டாம்.

இனி எதிரி வெப்பம். 40 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் தொங்கவிடலாம். நவம்பரில் 55 டிகிரி நாட்களும் வரும். அன்று உள்ளே பனிக்கட்டிப் பை வைத்து, அன்றைக்கே தோலுரித்துத் துண்டாக்கிக் குளிர்பெட்டியில் போடுங்கள். மான் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்து உறுதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தலையை 5 அங்குலக் கழுத்தோடு வெட்டி, இயற்கை வளத் துறையின் மாதிரிப் பெட்டியில் போட்டால் சிடபிள்யூடி பரிசோதனை இலவசம். மனிதருக்கு இந்த நோய் வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. முடிவு வரும் வரை பொட்டலங்களில் மானின் எண்ணை எழுதி உறைபெட்டியில் தனியே வையுங்கள். முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காமல், எலும்பிலிருந்து தசையைச் செதுக்கி எடுங்கள். மூளை, கண், தண்டுவடம், மண்ணீரல், நிணநீர்க் கணுக்களைத் தொட்ட கத்தியை இறைச்சியில் வைக்காதீர்கள். எலும்பையும் கழிவையும் காட்டில் வீசாமல் குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்கள். காட்டில் போட்டால் நோய் உங்கள் மண்ணிலேயே தங்கிவிடும்.

சமையலுக்கு ஒரு வார்த்தை: மான் கொழுப்பு ஆறினால் மெழுகாக நாக்கில் ஒட்டும், அதைத் துளிகூட விடாமல் நீக்குங்கள். தசைமேல் வெள்ளிபோல் மின்னும் சவ்வையும் உரியுங்கள். முதுகுத்தசை வறுவலுக்கு, கால்தசை ஆட்டுக்கறிபோல் குக்கரில் அதிக விசில் கேட்கும்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் உடலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் பரப்பும் மான் உண்ணி, உறையாத நவம்பர் நாட்களில் சுறுசுறுப்பாக இருக்கும். உடைகளில் முன்கூட்டியே பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவைத்திருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஜனவரியில் பரண் பட்டைகளைத் தளர்த்திவிடுங்கள். செயின்சாவின் சங்கிலியைத் தீட்டி வைத்து, ரை மேல் தூவக் குளோவர் விதை மூன்று பவுண்டு வாங்கி வையுங்கள். மார்ச்சில் அந்த அரை ஏக்கருக்கு அதுதான் அளவு.